2014 ஸ்விஃப்ட் டீசல், மீட்டரில் 78 ஆயிரம்: நம்பி வாங்கலாமா?

தாராபுரத்தான்

வணக்கம்ங்க. ஒன்றரை வருடமாக இந்தக் கார் மன்றத்தில் எல்லார் பதிவையும் சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருந்தவன். இன்றைக்கு எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

வீடு தாராபுரம், வேலை திருப்பூர். போக வர 95 கி.மீ., ஞாயிறு தவிர தினமும். இதுவரை பைக்தான். போன மழையில் அவிநாசிபாளையம் பக்கத்தில் ஒரு லாரி வாரி அடித்த சேற்றில் கண் தெரியாமல் ஓரம் கட்டினேன். அதை வீட்டில் போய்ச் சொன்னது என் தப்பு. "காரை வாங்கு, இல்லைன்னா வேலையை விடு" என்று தீர்ப்பு வந்துவிட்டது. கையில் மூன்றரை லட்சம் இருக்கிறது, கடன் வாங்குகிற எண்ணம் இல்லை.

திருப்பூரில் ஒரு புரோக்கரிடம் 2014 ஸ்விஃப்ட் விடிஐ பார்த்தேன். வெள்ளை நிறம், சிங்கிள் ஓனர், மீட்டரில் 78,400 கி.மீ. கேட்கிற விலை 3.75. பேசினால் 3.6-க்கு வருவார் போலிருக்கிறது. சீட் கவர் புதுசு, ஸ்டீயரிங் கவர் புதுசு, பானட்டைத் திறந்தால் இன்ஜின் கண்ணாடி மாதிரி பளபளக்கிறது. பக்கத்துத் தெருவரை ஓட்டிப் பார்த்தேன், நன்றாகத்தான் இழுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கேட்கிறார். வேறு பார்ட்டியும் வருகிறதாம்.

பதினோரு வயது டீசல் வண்டியை நம்பி இறங்கலாமா? எதையெதைப் பார்க்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை

வண்டியை விடுங்கள், முதலில் டீசல் வேண்டுமா என்று பார்ப்போம்.

மாதம் 25 நாள், சுமார் 2,400 கி.மீ. பெட்ரோல் 101, டீசல் 93 என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவு பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 16 கி.மீ. கொடுத்தால் 150 லிட்டர், 15,150 ரூபாய். டீசல் 20 கொடுத்தால் 120 லிட்டர், 11,160 ரூபாய். மாதம் நாலாயிரம் மிச்சம், வருடம் 48 ஆயிரம். உங்களுக்கு டீசல் சரி.

இதே கணக்கை மாதம் 600 கி.மீ. ஓடுகிற ஒருவருக்குப் போட்டால் மிச்சம் ஆயிரம் ரூபாய்தான். டீசலைப் பீய்ச்சுகிற ஒரு இன்ஜெக்டர் போனால் இரண்டு வருட மிச்சமும் சேர்ந்து போய்விடும். 2012 வாக்கில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய் அளவுக்குக்கூட வித்தியாசம் இருந்தபோது எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு டீசல் வாங்கினார்கள். 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தபிறகு அந்தக் காலம் முடிந்துபோனது. அதை இன்னும் சிலர் நம்ப மறுக்கிறார்கள். என் மாமனார் உட்பட.

ஸ்பேனர்

ஈரோட்டில் பட்டறை. டீசல் வேலைதான் அதிகம். தம்பிக்கு நாலு வார்த்தை.

அந்த இன்ஜினைப் பற்றி யாரும் பயப்பட வேண்டாம். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் எல்லாவற்றிலும் இருப்பது ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், 1248 சிசி. சுசுகி அதை உரிமம் வாங்கி மானேசரில் செய்தது. இண்டிகா விஸ்டாவில் குவாட்ராஜெட் என்று பெயர் மாற்றி வந்ததும் அதேதான், புன்டோவில் இருந்ததும் அதேதான். இந்தியாவின் தேசிய இன்ஜின் என்று கேலியாகச் சொல்வார்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபோது மாருதி டீசலையே நிறுத்திவிட்டது, ஆனாலும் உதிரிபாகம் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கிறது. வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட் கிடையாது, செயின். ஆயில் ஒழுங்காக மாற்றிய டாக்ஸி டிசையர்கள் மூன்று லட்சம் தாண்டி ஓடுவதை நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் சந்தேகம் அந்த வண்டி மேல்தான். நீங்கள் சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு உறுத்துகிறது. சீட் கவர், ஸ்டீயரிங் கவர், கழுவித் துடைத்த இன்ஜின். ஓடிய வண்டியின் இன்ஜினில் தூசி இருக்கும். தூசி இருந்தால் ஆயில் எங்கே கசிகிறது என்று ஈரக்கோடு காட்டிக் கொடுக்கும். கழுவிப் பளபளப்பு டிரெஸ்ஸிங் அடித்துவிட்டால் அந்தச் சாட்சி போச்சு. நீங்கள் போனபோது இன்ஜின் சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா?

தாராபுரத்தான்

சூடாகத்தான் இருந்ததுங்க. "இப்பத்தான் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன்" என்றார்.

ஸ்பேனர்

நினைத்தேன். டீசல் வண்டியின் ஜாதகம் காலையில் முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் தெரியும். சூடேறின பிறகு எந்த நோஞ்சான் இன்ஜினும் நல்ல பிள்ளை மாதிரி நடிக்கும். அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். காலை ஆறரைக்கு வருகிறேன், நான் வரும்வரை சாவி போட வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லுங்கள். போனதும் கையைப் பானட் மேல் வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பேச்சுக் கொடுக்காமல் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடலாம்.

ஆறியிருந்தால் இப்படிச் செய்யுங்கள். முதலில் கூலன்ட் டப்பா மூடியைத் திறங்கள். ஆறின வண்டியில் மட்டும்தான் திறக்கணும், சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கக் கூடாது, துருத் தண்ணீராகவும் இருக்கக் கூடாது. மூடி திறந்தபடியே ஒருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். தொடக்கத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்து நிற்பது காற்று. நிற்காமல் கொதிக்கிற மாதிரி வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் தலைக்கடியில் இருக்கிற அடைப்பு) போயிருக்கிறது.

ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் இன்னொருவர் சைலன்ஸர் பக்கம் நிற்கட்டும். லேசாக வெள்ளையாக ஒரு மூச்சு விட்டு மறைந்தால் பரவாயில்லை. கண்ணெரிகிற வெள்ளைப் புகை ஒரு நிமிடம் தாண்டியும் வந்தால் எரியாத டீசல்: இன்ஜெக்டரோ, சூடேற்றுகிற க்ளோ பிளக்கோ, கம்ப்ரஷனோ. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. மலையேற்றத்தில் மிதிக்கும்போது கருப்பாகக் கொஞ்சம் தள்ளும், அதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். ஏர் ஃபில்டர், இஜிஆர் (புகையில் கொஞ்சத்தை இன்ஜினுக்கே திருப்பி விடுகிற வால்வு) சுத்தம் பண்ணினாலே பாதி குறையும்.

இந்த இன்ஜினில் காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் ஒன்றிரண்டு விநாடி செயின் சலசலக்கும். அதற்குமேல் நீடித்தால் செயின் தளர்ந்திருக்கிறது, முன்னாள் ஓனர் ஆயில் மாற்றுவதில் கஞ்சத்தனம் காட்டியிருக்கிறார்.

கடைசியாக, இன்ஜின் ஐடிலில் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அந்த ஓட்டை மேலேயே தலைகீழாகச் சும்மா வையுங்கள். லேசாக அதிர்ந்தபடி உட்கார்ந்திருந்தால் நல்லது. தட்டு மாதிரி குதித்துக் கீழே விழுந்தால், புகையும் புஸ்புஸ்ஸென்று வந்தால், பிஸ்டன் ரிங் வழியாகக் காற்று கீழே இறங்குகிறது. அதற்குமேல் எதையும் பார்க்க வேண்டியதில்லை, கிளம்பி வந்துவிடுங்கள்.

மெட்ராஸ் மழை

அண்ணன் இன்ஜினைச் சொல்லிவிட்டார், நான் தண்ணீரைச் சொல்கிறேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முழுகிய வண்டிகள் சென்னையிலேயே நின்றுவிடவில்லை. காய வைத்து, ஷாம்பூ போட்டு, மற்ற மாவட்டங்களுக்குப் போனவை உண்டு. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் அதே கதை. பதிவு எண் சென்னை என்றால் கூடுதலாக அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

சீட் பெல்ட்டை முழுக்க, கடைசி அங்குலம்வரை இழுத்துப் பாருங்கள். யாரும் அதுவரை இழுத்துக் கழுவ மாட்டார்கள். அடியில் சேற்றுக் கறை கோடாக நிற்கும். அப்புறம் சீட்டைத் தாங்குகிற தண்டவாளத்தின் போல்ட், ஸ்டெப்னி கிடக்கிற குழி, ஃபியூஸ் பெட்டியின் மூலை. புதிய வாசனைத் திரவியம் மூக்கைத் துளைத்தால் எனக்கு அதுவே ஒரு எச்சரிக்கை.

ஆர்டிஓ வாசல்

பதிவு எண் டெல்லியா என்றும் பாருங்கள். அங்கே பத்து வருடம் தாண்டிய டீசலுக்கு 2015-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன்பிறகு உத்தரவுகள் ஏறி இறங்கினாலும், அங்கிருந்து மலிவாக வாங்கித் தெற்கே கொண்டுவருகிற வியாபாரம் நிற்கவில்லை. வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று), இங்கே மறுபதிவு, இங்கத்திய சாலை வரி என்று எல்லாம் முடிந்து தமிழ்நாட்டு எண் கையில் இருந்தால் மட்டும் பேசுங்கள். "எண் மாத்தித் தர்றோம் சார்" என்பதை நம்பி என் வாசலில் செருப்புத் தேய நடந்தவர்கள் ஏராளம்.

நகரவாசி

எதற்கு இத்தனை தலைவலி? மூன்றரை லட்சத்துக்கு 2016, 17 மாடல் பெட்ரோல் வண்டி கிடைக்குமே. இன்ஜெக்டர் இல்லை, டர்போ இல்லை, புகை இல்லை.

கணக்குப்பிள்ளை

பெட்ரோலிலும் இன்ஜெக்டர் உண்டு நண்பரே, விலைதான் குறைவு :) அது கிடக்கட்டும். 2016 பெட்ரோல் வண்டிக்கு இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) ஊற்றுவது பற்றி இதே இடத்தில் நாற்பது பக்கத்துக்குச் சண்டை போட்டிருக்கிறோம், மறுபடியும் வேண்டாம். அவருக்கு ஓட்டம் அதிகம், அதுவும் நேர் ரோடு. டீசலுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார்.

காவிரிக்கரை

டைமிங் பெல்ட் பற்றி ஸ்பேனர் அண்ணன் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அதில் அடிபட்டவன் நான்.

என்ன வண்டி என்று கேட்காதீர்கள், பெல்ட் வைத்த ஒரு சின்ன டீசல். 2019-இல் வாங்கினேன், மூன்றாவது ஓனர். பாடி தங்கம், உள்ளே புதுசு மாதிரி. பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்டேன். "போன வருசம்தான் சார்" என்றார். பில் கேட்கவில்லை, கேட்கக் கூச்சமாக இருந்தது. ஏழு மாதம் கழித்து மதுரை போகும்போது துவரங்குறிச்சி தாண்டி, நாலாவது கியரில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இன்ஜின் அணைந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை, "டக்" என்று ஒன்று. பெல்ட் அறுந்து வால்வெல்லாம் பிஸ்டனில் மோதி வளைந்திருந்தது. ஹெட் வேலை, டோயிங், உதிரிபாகம் எல்லாம் சேர்த்து 85 ஆயிரம். உரித்த பெல்ட்டை மெக்கானிக் கையில் கொடுத்தார். விரலால் மடக்கினால் விரிசல் விரிசலாக வாயைப் பிளந்தது. போன வருடம் மாற்றியதாம்.

போலோ டீசல், ஃபோர்டின் 1.4, 1.5 டிடிசிஐ, மைக்ரா டீசல் எல்லாம் பெல்ட்தான். மோசமான வண்டிகள் என்று சொல்லவில்லை, ஓட்டுவதற்கு ஸ்விஃப்டைவிட எனக்குப் பிடித்தவை. பெல்ட் மாற்றிய பில்லைக் கண்ணால் பார்க்காவிட்டால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழியுங்கள். வாங்கிய வாரமே பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

மலைப்பாதை

தாளவாடியிலிருந்து. எங்களுக்குத் திம்பம் இருக்கிறது, 27 கொண்டை ஊசி. வாங்குவதற்கு முன்னால் நான் எந்த வண்டியையும் பண்ணாரியிலிருந்து மேலே ஏற்றிப் பார்த்துவிடுவேன். ஏசியும் போட்டு, நாலு பேரையும் ஏற்றி. கூலிங்கில் குறை இருந்தால் பத்தாவது வளைவுக்குள் சூடு காட்டுகிற முள் ஏறிவிடும், கிளட்ச் தேய்ந்திருந்தால் வாசனை வந்துவிடும், டர்போ சோர்ந்திருந்தால் இரண்டாவது கியரில் மூச்சு வாங்கும். உங்கள் பக்கம் மலை இல்லையென்றால் ஏதாவது மேம்பாலத்தில் நிறுத்தி, மேடு ஏறும்போது எடுத்துப் பாருங்கள்.

அப்புறம் ஒன்று. வண்டியை விற்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் போட்டால் அணைத்துவிடுங்கள். சத்தத்தை மறைக்க அது பழைய உத்தி.

தாராபுரத்தான்

எல்லாருக்கும் நன்றிங்க. இன்று காலை போனேன். ஆறரைக்கு வரச் சொல்லியும் அவர் வந்தது ஏழேகால். பானட் சூடு இல்லை. நான் காத்திருந்த முக்கால் மணி நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அதுதான் நல்லதாகப் போயிற்று.

டயர் பக்கவாட்டில் கடைசி நாலு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும் என்று இங்கேதான் யாரோ எழுதியிருந்தார்கள். நாலு டயரிலும் 3122, அதாவது 2022-இன் 31-ஆவது வாரம். நாலும் சேர்ந்து மாற்றியது. பட்டனில் பாதிகூட மிச்சமில்லை, தேய்மானக் கோடு வரைக்கும் வழித்திருக்கிறது. இப்போது யோசித்துப் பாருங்கள். 11 வருடத்தில் 78 ஆயிரம் என்றால் வருடம் ஏழாயிரம். மூன்று வருடத்தில் இருபத்தொன்று. இருபதாயிரத்தில் நாலு டயரும் இப்படி ஒரே சீராக மொட்டையாகுமா? அலைன்மெண்ட் கோளாறு என்றால் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருக்கும்.

ஸ்டீயரிங் கவரின் தையலை ஓரத்தில் லேசாக விலக்கினேன். அடியில் இருக்கிற பிளாஸ்டிக் சொரசொரப்பே இல்லாமல், கைபட்டுக் கைபட்டு வழவழவென்று பளபளக்கிறது. கிளட்ச் பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதுசு, பிரேக் ரப்பர் பழசு.

அவர் வந்ததும் ஒன்றும் சொல்லவில்லை. ஆர்சி நகல் மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஓனர் விலாசம் காங்கயம். சாயந்திரம் அந்த வழியாகத்தான் போகப் போகிறேன்.

ஸ்பேனர்

தம்பி, நீங்கள் பட்டறை வைக்கலாம்.

தாராபுரத்தான்

போய்ப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் மில் வைத்திருக்கிறவர், நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டார். "எழுபத்தெட்டா? அதெல்லாம் 2019-லயே லட்சம் தாண்டிருச்சுங்க. போன வருசம் நான் குடுக்கறப்ப ஒரு லட்சத்து அறுபத்தி ரெண்டாயிரமோ என்னமோ" என்றார். கடைசி சர்வீஸ் பில்லை மகன் எடுத்துக் காட்டினார்: 1,58,912. எக்ஸ்சேஞ்சில் கொடுத்தாராம். அதற்குப் பிறகு எத்தனை கை மாறியதோ, யார் மீட்டரைக் குறைத்தார்களோ. புரோக்கரிடம் போனில் கேட்டேன். "எவனோ சுத்தி விட்டிருப்பான்ங்க, நான் வாங்கினப்பவே அப்படித்தான்" என்கிறார். அடுத்த நிமிடம் விலை 2.9-க்கு வந்துவிட்டது.

இப்போதுதான் குழப்பம். 2.9-க்கு வாங்கலாமா?

நகரவாசி

ஓடுங்கள்.

கணக்குப்பிள்ளை

நான் நகரவாசியோடு ஒத்துப்போகிற அரிய நாள் இது. 1,60,000 ஓடிய ஸ்விஃப்ட் என்று நேராகச் சொல்லி 2.9 கேட்டிருந்தால் உட்கார்ந்து பேசியிருக்கலாம்.

காவிரிக்கரை

எனக்கு அப்படித் தோன்றவில்லை. உண்மையான ஓட்டம் தெரிந்துவிட்டது, 1,58,912 வரை பில்லும் இருக்கிறது, முதல் ஓனரும் நல்லவர். மில்காரர் கையில் ஒழுங்காக சர்வீஸ் ஆன வண்டி. பிடிபட்ட பொய்யை வைத்து இன்னும் இறக்கி 2.6-க்கு எடுக்கலாமே? இன்ஜின் என்ன பாவம் செய்தது?

ஸ்பேனர்

காவிரிக்கரை சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் நான் எடுக்க மாட்டேன். அந்த பில்லுக்குப் பிறகு ஒரு வருடம் என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது. மீட்டரைச் சுற்றுகிற கை டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கையும் கழற்றியிருக்கும், ஸ்கேனரில் பழைய கோளாறுகளையும் அழித்திருக்கும். கெட்டியான ஆயில் ஊற்றிச் சத்தத்தை அடக்கியிருக்கும். ஓட்டம் அதிகமாக இருப்பதில் எனக்குக் கவலை இல்லை. இடையில் வந்த ஆள்மேல்தான் கவலை.

பட்ஜெட்டுக்குள் இன்னொரு வழி சொல்கிறேன். எல்லாரும் ஸ்விஃப்ட் ஸ்விஃப்ட் என்று போவதால் அதன் விலை இறங்குவதே இல்லை. அதே இன்ஜின், அதே 75 பிஎஸ், ரிட்ஸில் இருக்கிறது. முதுகு சப்பையாக இருக்கும், பார்க்கப் பிடிக்காது என்பார்கள். 2017-இல் அதை நிறுத்திவிட்டார்கள். அதனாலேயே மலிவு. உயரமாக உட்காரலாம், தினமும் 95 கி.மீ. ஓட்டுகிறவர் முதுகுக்கு நல்லது. அல்லது எட்டியோஸ் லிவா டீசல், 1.4 டி4டி. உள்ளே தகரடப்பா மாதிரி இருந்தாலும் இன்ஜின் கல்லு. ஆனால் டாக்ஸியாக ஓடியதா என்று ஆர்சியில் பாருங்கள்.

புதுசுக்குப் பிரியன்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். கொஞ்சம் பணம் சேர்த்து 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் எடுத்தால் என்ன?

ஸ்பேனர்

எடுக்கலாம், அவர் ஓட்டத்துக்குப் பொருந்தும். ஆனால் அதில் டிபிஎஃப் என்று ஒரு கரிவடிகட்டி இருக்கிறது. சேருகிற கரியை எரித்துத் தள்ள நீண்ட ஓட்டமும் சூடும் வேண்டும். வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடிய பிஎஸ்6 டீசலை செகண்ட் ஹேண்டில் வாங்குவது அடைத்துப்போன சாக்கடையை விலைக்கு வாங்குகிற மாதிரி. நெடுஞ்சாலை வண்டியாகத் தேடுங்கள். அங்கே ஓட்டம் கூடுதலாக இருப்பது நல்ல அறிகுறி.

தாராபுரத்தான்

இரண்டு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். புரோக்கருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரிட்ஸ் ஒன்று அகப்பட்டது. உடுமலைப்பேட்டை, ஓய்வுபெற்ற ஆசிரியர். 2014 விடிஐ, 1,34,000 கி.மீ., அதை மீட்டரும் சொல்கிறது, அவரும் சொல்கிறார். விலை 2.75. கண் சரியாகத் தெரியாததால் கொடுக்கிறாராம். விளம்பரமே போடவில்லை, எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வழியாகத் தெரிந்தது.

சார் ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுத்தார். வாங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு தடவை டீசல் போட்டதும் தேதி, கிலோமீட்டர், லிட்டர், பங்க். இடையிடையே சிவப்பு மையில் சர்வீஸ். இரண்டாவது நோட்டும் இருந்தது.

காலை ஆறுக்குப் போனேன், மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டு. சார் லுங்கியோடு வாசலில் நின்று, "நேத்து மத்தியானத்துல இருந்து எடுக்கவே இல்லை, தொட்டுப் பாருங்க" என்று அவரே சொன்னார். இங்கே சொன்ன எல்லாம் செய்தோம். கூலன்ட் பச்சையாகச் சுத்தமாக இருந்தது. ஸ்டார்ட் ஒரே சுற்றில். வெள்ளைப் புகை ஒரு மூச்சு, அவ்வளவுதான். செயின் ஒரு விநாடி சலசலத்து அடங்கியது. ஆயில் மூடியைத் தலைகீழாக வைத்தால் அதிர்ந்ததே தவிர நகரவில்லை.

இரண்டு குறை தெரிந்தது. கிளட்ச் கெட்டியாக இருக்கிறது. நாலாவது கியரில் 40-இல் போய்க்கொண்டிருக்கும்போது அழுத்தி மிதித்தால் ஆர்பிஎம் முள் முதலில் ஏறுகிறது, வேகம் பின்னால்தான் வருகிறது. இன்னொன்று, ஐடிலில் லேசான துடிப்பு. மெக்கானிக் நாலு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, நாலு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் விட்டு இன்ஜினை ஓட விட்டார். மூன்று பாட்டிலில் ஒரே அளவு. மூன்றாவது சிலிண்டரின் பாட்டிலில் மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

என்ன செய்யலாம்?

ஸ்பேனர்

கிளட்ச் தேய்கிற பொருள், அதைக் குறை என்றே சொல்ல மாட்டேன். செட்டாக மாற்றிவிடுங்கள்: பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங். லேபரோடு பதினைந்தாயிரம் பக்கம் வரும்.

அந்த மூன்றாவது இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்து டீசலைத் திரும்ப விடுகிறது. உடனே புதுசு வாங்க ஓடாதீர்கள். டீசல் பம்ப் வேலை மட்டும் பார்க்கிற இடத்தில், பெஞ்சில் போட்டுச் சோதிக்கிற மெஷின் வைத்திருப்பவரிடம் கொடுங்கள். நாலையும் ஒரே தடவையில் கழற்றிச் சோதித்து, வேண்டியதை மட்டும் சரி பண்ணட்டும். இரண்டு செலவையும் சாரிடம் அப்படியே சொல்லிக் கேளுங்கள். கணக்கு எழுதுகிற ஆள், கணக்கைக் காட்டினால் ஒத்துக்கொள்வார்.

மெட்ராஸ் மழை

அந்த நோட்டு ஒன்றுக்கே கூட பத்தாயிரம் கொடுக்கலாம்.

ஆர்டிஓ வாசல்

விலை படிந்தால் பணம் கொடுக்கும் முன்: ஆர்சியில் ஹைப்போதிகேஷன் (வண்டி மேல் கடன் என்ற குறிப்பு) இருக்கிறதா பாருங்கள். கடன் அடைந்திருந்தாலும் பலர் அதை நீக்காமலே வைத்திருப்பார்கள். பேங்க் என்ஓசியும் படிவம் 35-உம் வாங்கி நீக்கணும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. ஆன்லைனில் பதிவு எண்ணைப் போட்டு நிலுவைச் சலான் இருக்கிறதா பாருங்கள். இன்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் வண்டியில் இருப்பதோடு ஒப்பிடுங்கள், ஆர்சியை மட்டும் பார்த்தால் போதாது.

இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். இல்லையென்றால் நாளைக்கு எங்காவது இடித்தால் உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது. சாருக்கும் சொல்லுங்கள்: பெயர் மாறாதவரை விபத்து இழப்பீட்டுக்கு ஆர்சியில் இருப்பவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லிவிட்டது. அவர் நிம்மதிக்காகவாவது முதல் வாரமே முடித்துவிடுங்கள்.

இன்னொன்று, பதிவு 2029 வரைதான். அதற்குப் பிறகு எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி ஐந்து வருடம் நீட்டிக்கலாம், பசுமை வரி கட்ட வேண்டிவரும். இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாராபுரத்தான்

முடிந்ததுங்க! 2.5. கிளட்ச், இன்ஜெக்டர் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். சார் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு, கூட்டலில் ஒரு தப்பைக் கண்டுபிடித்துத் திருத்தினார். தப்பு எனக்குச் சாதகமாக இருந்தது என்பது வேறு விஷயம். ஹைப்போதிகேஷன் இல்லை, படிவங்களில் அன்றைக்கே கையெழுத்து.

கிளட்ச் செட் மாற்றியாயிற்று. இன்ஜெக்டர் நாலையும் கோயம்புத்தூரில் பெஞ்சில் போட்டார்கள், ஒன்று மட்டும் ரிப்பேர், மூன்று சுத்தம் செய்ததோடு சரி. ஆயில், மூன்று ஃபில்டர், கூலன்ட் எல்லாம் மாற்றி மொத்தம் 31 ஆயிரம். துடிப்பு போய்விட்டது. இரண்டு வாரத்தில் 1,140 கி.மீ. ஓட்டியிருக்கிறேன், டேங்க் நிரப்பி அளந்ததில் 20.6 வருகிறது. நோட்டில் நானும் எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

ஒரே ஒரு கேள்வி. நேற்று திருப்பூரில் ஒரு புது பங்கில் டீசல் போட்டேன். பத்துக் கிலோமீட்டரில் டேஷ்போர்டில் ஃபில்டர் படம் போட்ட விளக்கு வந்தது. வண்டி ஓட்டத்தில் மாற்றம் எதுவும் இல்லை.

ஸ்பேனர்

ஃபில்டர் அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. ஓட்டிக்கொண்டே இருக்காதீர்கள், தண்ணீர் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் போனால் போட்ட காசு வீண். ஃபில்டர் கிண்ணத்துக்குக் கீழே ஒரு வடிகால் திருகு இருக்கும். அடியில் கண்ணாடி பாட்டில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தளர்த்துங்கள். தண்ணீர் கீழே தங்கும், டீசல் மேலே நிற்கும், கண்ணாலேயே பிரித்துப் பார்க்கலாம். சுத்த டீசல் வரும்வரை விட்டு இறுக்கிவிடுங்கள். அப்புறம் கைபம்ப் இருந்தால் நாலைந்து தடவை அமுக்கிக் காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். பாட்டிலைப் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், எவ்வளவு தண்ணீர் என்று பார்ப்போம்.

அந்தப் பங்கில் மறுபடியும் போடாதீர்கள். சார் நோட்டில் எந்தப் பங்க் பெயர் அதிகமாக வருகிறது?

தாராபுரத்தான்

பதினோரு வருடமும் ஒரே பங்க்தாங்க. உடுமலையில்.

ஸ்பேனர்

ஞாயிற்றுக்கிழமை டேங்க் நிரப்ப உடுமலை போய்விட்டு வாருங்கள். சாருக்கும் வண்டியைப் பார்த்த மாதிரி இருக்கும்.